மேற்பார்வை: மு. பேச்சிராஜ்

சிலருக்குச் சோறு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பந்தியில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டும். எங்கள் நூலகர் பேச்சிராஜ் அந்த ரகம். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலமே இருக்கும்போது சஸ்பெண்டாகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சங்கரன்கோவிலில் பாதிப்பேர் அவருக்காக உச்சுக்கொட்டுகிறார்கள். நான் கொட்டவில்லை.

அவரோடு ஒரே வளாகத்தில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். பெயர் சித்தீக். பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கும் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் வேலையின் பெயரில் மட்டும் இருக்கிறது. ராஜபாளையம் ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில், பல்கலைக்கழகம் தன் கல்லூரிக்கு நாலு கட்டடத்தைக் கட்டி வளாகம் என்று போர்டு மாட்டியிருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். இது பெயருக்காக அலைந்த ஒருவரின் கதை. அதில் இன்னொரு பெயருக்கு இடமில்லை.

பேச்சிராஜின் டிபன் கேரியரில் பெயர் இருக்கும். குடையில் இருக்கும். ஹெல்மெட்டின் பின்பக்கம் பெயரும் அதற்குக் கீழே வாங்கிய பட்டங்களும் இருக்கும். இடித்துவிட்டுப் போகிற லாரிக்காரன் யாரை இடித்தோம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். தெருப் பிள்ளையார் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தார். உபயம் என்று தொடங்கி, முழுப்பெயர், படிப்பு, உத்தியோகம் எல்லாவற்றையும் சிவப்புப் பெயின்டில் எழுதியதில், வெளிச்சம் வருவதற்குக் குழாயில் இடம் மிஞ்சவில்லை. பூசாரி திருநீற்றுத் தட்டைத் தடவித்தான் எடுக்கிறார்.

குடியிருக்கும் வீடு மட்டும் மாமனார் கட்டிக் கொடுத்தது. வாசலில் மொசைக் கல்லில் ‘கோமதித்தாய் இல்லம்’ என்று தன் மகளின் பெயரைப் பதித்துக் கொடுத்துவிட்டார் அந்தப் பெரிய மனுஷர். அதன் வழியாகத்தான் பேச்சிராஜ் கல்யாணம் ஆன நாள் முதல் உள்ளே போய் வெளியே வருகிறார்.

கல்லூரி விழாக்களில் அவருக்கு நன்றியுரை கொடுப்பார்கள். நன்றியுரை என்பது பிரியாணி வாசனை வந்தபிறகு பேசுவது. ஒரு வருஷம் அவர் மைக்கைப் பிடிப்பதற்குள் நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டார்கள். எழுதிக் கொண்டுவந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

நூலகத்தை அவர் நடத்திய விதத்தையும் சொல்லிவிட வேண்டும். புத்தகம் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள், அலமாரிக்குப் பூட்டு, சாவிக்கொத்து இடுப்பில். யாராவது ஒரு புத்தகம் கேட்டால் ‘எதுக்கு?’ என்பார். படிக்கத்தான் என்று பதில் வந்தால் அவர் முகத்தில் தெரியும் சந்தேகம் இருக்கிறதே, போலீஸ் ஸ்டேஷன் கெட்டது. புத்தகம் என்றால் தொலையக்கூடிய பொருள், வாசகன் என்றால் தொலைக்கக்கூடிய ஆள். அவர் படித்த நூலக அறிவியலின் சாரம் அவ்வளவுதான்.

போன சித்திரையில் தேர்வெல்லாம் முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போனபிறகு, நூலகத்தைப் புதுப்பிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஃபால்ஸ் சீலிங், ஏசி, கண்ணாடிக் கதவு, கிரானைட் தரை, வரிசையாகக் கம்ப்யூட்டர். உலகத்தில் உள்ள ஆய்விதழ்களும் மின்னூல்களும் அதில் வந்து கொட்டுமாம். கல்லூரி திறக்கும்போது துணைவேந்தரே வந்து திறந்து வைப்பாராம். இதையெல்லாம் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பேச்சிராஜின் காதில் விழுந்தது ஒன்றுதான். திறப்பு விழா என்றால் கல்வெட்டு உண்டு.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்வெட்டில் ஒரு வரி வேண்டும். காகிதத்தில் அடித்த பெயரில் சுண்டல் மடித்துவிடுவார்கள், பெயின்டில் எழுதிய பெயர் உதிர்ந்துவிடும், கல்லில் வெட்டிய பெயர் நிற்கும். பதிவாளர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கேட்டார். துறைத்தலைவர்களுக்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் முதல்வரைக் கேட்டார். முதல்வர் தன் பெயரை எந்த அளவில் போடுவார்களோ என்ற கவலையில் இருந்தார், இவரைக் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் கான்ட்ராக்டர் ஆறுமுகச்சாமிதான் வழி காட்டினார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று வாழ்கிற மனுஷர். கலவை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

“கல்லு என் பொறுப்புல்லா அண்ணாச்சி. பாலிஷ் போட்டு, எழுத்து வெட்டி, தங்கக் கலர் அடிச்சு நாந்தானே கொண்டாரேன்? அடியில ஒரு வரி சேத்தா எவன் வந்து அளந்து பாக்கான்? நீங்க ஹாலைச் சீக்கிரம் காலி பண்ணிக் குடுங்க. பொஸ்தகத்த வச்சுக்கிட்டு நான் தரை போட முடியாது.”

“என்னன்னு போடுவீரு?” என்றார் பேச்சிராஜ்.

“அத நீங்கதான் சொல்லணும். திறந்து வைக்கது வி.சி. தலைமை ரிஜிஸ்ட்ரார். முன்னிலை பிரின்ஸ்பால். மிச்சம் என்ன இருக்கு?”

பேச்சிராஜ் வீட்டுக்குப் போய் யோசித்தார். ஊரில் உள்ள கல்வெட்டையெல்லாம் வண்டியில் சுற்றிப் படித்தார். நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி, சமுதாயக் கூடம் ஒன்றையும் விடவில்லை. எங்கோ சாக்கடை ஓடும் ஒரு வாறுகால் பாலத்தில் அந்த வார்த்தை சிக்கியது. மறுநாள் காலை என்னை நிறுத்திச் சொன்னார்.

“மேற்பார்வை. எப்படிவே இருக்கு?”

“நீங்க எதைப் பாத்தீய அண்ணாச்சி? இஞ்சினியர்லா பாக்கணும்?”

“இஞ்சினியர் பாத்தா பாக்கட்டும். பேரு எனக்கு இருக்கட்டும்.”

இப்படியும் ஒரு மனுஷர் இருப்பாரா என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

கட்டட வேலை நடக்கும்போது புத்தகங்களை வைப்பதற்குப் பொறியியல் பிரிவுதான் பூட்டும் கூரையும் உள்ள அறை ஒதுக்கித் தர வேண்டும். அதற்கு ஒரு கோப்பு நகர வேண்டும். கோப்பு நகர்வதற்குள் ஆறுமுகச்சாமியின் மனசு மாறிவிட்டால்? பேச்சிராஜ் காத்திருக்கவில்லை. வருஷக்கணக்கில் ஒரு புத்தகத்தைக் கூட நம்பி வெளியே விடாத ஆள், மொத்தப் புத்தகத்தையும் வெளியே தள்ளினார். கட்டுவதற்குச் சாக்கு வேண்டுமே என்றபோது, ஆறுமுகச்சாமி காலி சிமெண்டுச் சாக்குகளைக் காட்டினார். உதறக்கூட இல்லை. அதற்குள் புத்தகத்தைத் திணித்துக் கட்டி, வாசல் பக்கம் அடைப்பில்லாத பழைய சைக்கிள் ஷெட்டில் அடுக்கினார்கள்.

அப்போது ஹனா வந்தாள். பாத்திமா ஹனா, புளியங்குடிப் பெண், எங்கள் துறையில் ஆய்வு மாணவி. இந்த ஊர் நெசவாளர் எப்படிக் கைத்தறியை விட்டு விசைத்தறிக்கு மாறினார்கள் என்பது அவள் ஆய்வு. அதற்கு ஆதாரம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கைகள். ஒரு ஜவுளி வியாபாரி சாவதற்கு முன்னால் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. வேறெங்கும் பிரதி இல்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும் அவள்.

“சார், அந்த ரிப்போர்ட் வால்யூம் மட்டும் என்கிட்ட குடுத்துருங்க. இங்கனயே உக்காந்து பாத்துட்டுத் தந்துருதேன்.”

“மூடை கட்டியாச்சும்மா. பிரிக்கதுக்கு நேரமில்ல.”

“எந்த மூடைன்னு சொன்னா நானே பிரிச்சுக் கட்டி வைக்கேன் சார்.”

“ஏம்மா, நாளைக்கு உலகமே கம்ப்யூட்டர்ல வருது. பழைய கடுதாசியக் கட்டிக்கிட்டு அழுதியே.”

நான் நடுவில் போய், ‘அவளுக்கு எடுத்துக் கொடுங்கள் அண்ணாச்சி’ என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண் ஹாலில் இருந்தது. கல் எங்கே பதிப்பார்கள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகாசியில் ஒருநாள் சாயங்காலம் கோடை மழை பிடித்தது. கரிவலம் பக்கமிருந்து காற்றோடு வந்து சாய்வாக அடித்தது. சைக்கிள் ஷெட் அந்தத் திசையைப் பார்த்துத்தான் இருந்தது. பேச்சிராஜ் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். கல்லறுக்கும் பட்டறையில் இருந்தார். எழுத்து வெட்டுகிறவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் வரி வரும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் மூட்டைகளின் மேல் ஒரு தார்ப்பாயைப் போடச் சொன்னார். ஈரத்தை உள்ளே வைத்து மூடினார்கள்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. துணைவேந்தர் திரையை இழுத்தார். கறுப்புக் கல், தங்க எழுத்து. மேலே பெரியவர்கள் பெரிய எழுத்தில். எல்லாவற்றுக்கும் அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ‘மேற்பார்வை: மு. பேச்சிராஜ், எம்.ஏ., எம்.எல்.ஐ.எஸ்., நூலகர்’. பட்டுச் சட்டையில் வந்திருந்த பேச்சிராஜ், கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். பதிவாளர் அந்த வரியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிறகு சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். புது ஹாலில் அவர் பண்ணிய அட்டகாசத்தை நேரில் பார்த்தவர்கள் அந்தப் பழமொழியை நம்புவார்கள். கம்ப்யூட்டர் இருந்தது, மின்னூல்களும் இருந்தன, கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் தர மாட்டார். எல்லாரும் எடுத்தால் தீர்ந்துவிடும் என்று பயந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதோடு, முத்திரை குத்த இடமில்லாத புத்தகத்தை நூலகச் சொத்து என்று எப்படிச் சேர்ப்பது என்று குழம்பி, ஒவ்வொரு மின்னூலின் முதல் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, அதில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டினார். மாசக்கணக்கில் இழுக்கிற வேலை. ஏசியில் உட்கார்ந்து நிதானமாகச் செய்தார்.

மூட்டைகள் ஷெட்டிலேயே கிடந்தன. புது ஹாலில் அலமாரிக்கு இடமே வைக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஹனா தினமும் வந்து கேட்டாள். ஒருநாள் கேட்காமலேயே ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினாள். நானும் கூடப் போனேன். சாக்கைக் கிழித்தபோது புத்தகம் வரவில்லை, கட்டி வந்தது. சாக்கில் ஒட்டியிருந்த சிமெண்டும் மழைத் தண்ணீரும் சேர்ந்து, பக்கங்களைப் பிடித்து இறுகியிருந்தன. ஒரு மூட்டை அப்படி இருந்தது, அடுத்ததும் அப்படித்தான். சில மூட்டையில் நடுவே இருந்தவை மட்டும் பூஞ்சையோடு தப்பியிருந்தன. அவளுடைய ஆண்டறிக்கைகள் அடிவரிசையில் கிடைத்தன. அட்டையில் வருஷத்தைப் படிக்க முடிந்தது. பக்கத்தைப் பிரிக்கப் போனால் பொருக்காக உதிர்ந்தது.

அவள் அழவில்லை. கட்டியாகக் கிடந்ததை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி, பேச்சிராஜின் மேஜைமேல் தொப்பென்று வைத்தாள். சிமெண்டுத் தூள் அவர் முத்திரைத் தாள்களின் மேல் படிந்தது.

“இத எங்கன சார் அடுக்கணும்?”

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “மேஜை கீறிருமே” என்றார்.

அந்தச் சொல்லுக்காகவே அவரை நான் மன்னிக்க மாட்டேன். ஒரு பெண்ணின் சில வருஷ உழைப்பு எதிரே கல்லாகக் கிடக்கிறது, மேஜை கீறிவிடுமாம்.

ஹனா பல்கலைக்கழகத்துக்குப் புகார் கொடுத்தாள். படத்தோடு பத்திரிகையிலும் வந்தது. மேலிடத்தில் பதறிப்போய் விசாரணை வைத்தார்கள். விசாரிக்க வந்தவர் வேறு கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியை தேன்மொழி. அதட்டாமல் விசாரித்து, சொல்வதை முழுசாகக் கேட்கிற அம்மா. ஆய்வு மாணவியின் துறை ஆசிரியர் என்று என்னையும் உட்கார வைத்திருந்தார்கள்.

கல்வெட்டில் இருந்த பெரியவர்களை வரிசையாகக் கேட்டார். துணைவேந்தர் அலுவலகம், அவர் திறந்து வைத்தார், அவ்வளவுதான் என்றது. பதிவாளர், நான் தலைமை தாங்கினேன் என்றார். முதல்வர், நான் முன்னிலை வகித்தேன் என்றார். பொறியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். “மேற்பார்வை யாருன்னு கல்லுலயே இருக்கே மேடம்.” ஆறுமுகச்சாமி கை கட்டி நின்று, “நூலகர் சார் சொன்னபடிதான் செஞ்சோம்” என்றார்.

அம்மா பேச்சிராஜைத் தனியாகக் கூப்பிட்டார். நான் வெளியே போக எழுந்தபோது, இரும் என்று பேச்சிராஜே என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இங்க பாருங்க,” என்றார் தேன்மொழி. “கட்டடம் கட்டுறதுல மேற்பார்வை பண்றது உங்க வேலையே இல்ல. புத்தகத்துக்கு இடம் ஒதுக்க வேண்டியது இஞ்சினியரிங் பிரிவு. ஒதுக்கல. அத நான் எழுத முடியும். உங்களுக்கு ஒரு எச்சரிக்கையோட போயிரும், பென்ஷனுக்குப் பங்கம் வராது. குறுக்க நிக்கிறது அந்த ஒரு வரிதான். யாரும் உங்கள நியமிக்கல, அந்த வரி தப்பா வந்திருச்சுன்னு நீங்க வாயால சொல்லணும். சொன்னா அந்த வரிய மட்டும் தேய்ச்சு எடுக்கச் சொல்லிருவேன்.”

“தேய்ச்சு...?”

“ஆமா. எடுத்துத்தான ஆகணும்? பொறுப்பு இல்லாதவர் பேரு பொறுப்புன்னு எப்படி இருக்கும்?”

ஒரு ராத்திரி யோசிக்கிறேன் என்றார் பேச்சிராஜ். எழுந்து வரும்போது நான் வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்காது.

“யோசிக்கதுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு? முழங்கால் உசரத்துல ஒரு வரி. அதுக்காகப் பென்ஷன விடுவீயளா? வீட்டுல கோமதி அக்காவுக்கு யாரு பதில் சொல்லுவா?”

“நீரு பேசுவீரு வே. உம்ம பேரு எங்கயாவது இருக்கா?”

“இல்ல. வேண்டாம்.”

“அதான் உமக்குத் தெரியல,” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் வந்தார். விழாவுக்குப் போட்ட அதே பட்டுச் சட்டை. தேன்மொழி அம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். நின்றுகொண்டே சொன்னார்.

“நாந்தான் மேடம் மேற்பார்வை.”

“நல்லா யோசிச்சீங்களா?”

“கல்லுல இருக்கது உள்ளதுதான் மேடம்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். எனக்கு எழுந்து அவரை நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது. பெரியவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். பொறியாளருக்குப் பதவி உயர்வு வந்தது. ஆறுமுகச்சாமிக்கு விடுதிக் கட்டட வேலை கிடைத்தது. அவர்கள் மாட்டியிருக்க வேண்டிய இடத்தில் இந்த மனுஷர் கழுத்தைத் தானே நீட்டினார். இதைத் தியாகம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். மண்ணாங்கட்டி. யாருக்காகவும் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஹனா கைத்தறிக் காலத்தைப் பற்றிய அத்தியாயத்தையே விட்டுவிட்டு ஆய்வேட்டைக் கொடுத்தாள். புறத் தேர்வாளர் வைவாவில் அந்தக் காலம் ஏன் இல்லை என்று கேட்டார். ‘அது நனைஞ்சு போச்சு சார்’ என்றாள்.

சஸ்பெண்டான ஊழியர் வளாகத்துக்குள் வரக்கூடாது. இது விதி. இதைப் பேச்சிராஜ் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பாதி வாழ்க்கை ஆசைப்பட்டு வாங்கிய வரி உள்ளே இருக்கிறது, அவர் வெளியே இருக்கிறார். கேட் வரைக்கும் இரண்டு முறை வந்து பார்த்திருக்கிறார். வாட்ச்மேன் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

போன வாரம் மத்தியானம் நான் வகுப்பு முடித்து வரும்போது அவரிடமிருந்து போன் வந்தது. வீடியோ கால்.

“வே, சித்தீக்கு. லைப்ரரி பக்கம் போறீரா? ஒரு நிமிசம் காட்டும்.”

மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் தானாக அந்தப் பக்கம் நடந்துவிட்டது. ஏசி ஹாலுக்குள் செருப்போடு போகக்கூடாது என்று புதிதாக ஒரு ஏற்பாடு. அதற்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு வாங்கிக் கல்வெட்டுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். துணைவேந்தர் தெரிகிறார், பதிவாளர் தெரிகிறார், முதல்வரும் பாதிக்குத் தெரிகிறார். அதற்குக் கீழே செருப்புதான்.

“என்னவே அது? மறைக்கி?”

“செருப்பு ஸ்டாண்டு அண்ணாச்சி.”

“கொஞ்சம் தள்ளும்வே” என்றார். சொல்ல வேண்டியது எவ்வளவோ என் நாக்கில் இருந்தது. ஸ்டாண்டை ஒரு கையால் இழுத்தேன். செருப்புகள் இரண்டு கீழே விழுந்தன. முழங்காலிட்டுப் போனைக் கல்லுக்கு நேராகப் பிடித்தேன்.

பேச்சிராஜ் தன் வரியை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். பட்டங்களையும் விடவில்லை. பிறகு உள்பக்கம் திரும்பி, “ஏட்டி கோமதி, இங்கன வா, வந்து பாரு” என்று கூப்பிட்டார்.

கோமதித்தாய் அக்கா வரவில்லை. அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “அந்தக் கல்லப் பேத்து வீட்டுக்குக் கொண்டாரச் சொல்லுங்க. துணி தொவைக்கவாவது ஆவும்.”



“வே, இன்னும் கொஞ்சம் கிட்டக்க கொண்டு போவும்,” என்றார் என்னிடம். “இனிஷியல் தெரியல.”